ஒரிஜினலா, வெளி மார்க்கெட்டா?



விடுமுறையில் வில்லியனூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பழகினேன். பாகூர் விவசாயி ஒருவரின் டொயோட்டா ஹைபிரிட் கார் வந்தது, ஏ.சி. குளிரவில்லை. கேஸோடு ஆயிலும் விடணும். மலிவாக் கிடைக்கிற சாதாரண பி.ஏ.ஜி. ஆயில் டப்பாவைத் திறந்தேன். "தம்பி, கீழே வை!" என்று மேஸ்திரி அதட்டினார்.

ஏன் தெரியுமா? மற்ற கார்களில் பொதுவாக கம்ப்ரசரை பெல்ட் சுற்றுகிறது. இதிலோ உள்ளேயே ஹை வோல்டேஜ் மோட்டார். அதன் காயில் ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. பி.ஏ.ஜி. ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் குறைந்து கரண்ட் கசியும். கம்ப்ரசரையே மாற்ற நேரிடும். அந்த விவசாயியின் ஒரு போக வரவு போயிருக்கும்! அதற்குக் கம்பெனி சொல்வது என்.டி.11 ரக ஆயில்.

அப்போ எல்லாமே கம்பெனி பெட்டியில்தான் வாங்கணுமா? வேண்டாம். வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டருக்கு நல்ல வெளி மார்க்கெட் சாமானே போதும். பிரேக் பேடில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதால் அது மெதுவாகத்தான் தேயும்; நல்லதை வாங்கினால் நாள்பட உழைக்கும்.

நான் கற்ற விதி இதுதான்: ஆரஞ்சு நிறக் கேபிள் போய்ச் சேருகிற எந்தப் பாகத்துக்கும் கம்பெனி சொன்னதே போடுங்கள். மற்றதற்கு விலையைப் பாருங்கள்.