கணக்கு வகுப்புக்கு அடுத்து டிரம்பெட் வகுப்பு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இசை, பாட அட்டவணையில் இடம்பெற்ற பாடம். கணக்கு வகுப்பு முடிந்து மணி அடித்ததும் மாணவர்கள் பாண்டு அறைக்குப் போய் டிரம்பெட்டையோ கிளாரினெட்டையோ எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பாண்டு, ஆர்கெஸ்ட்ரா, சேர்ந்திசை என மூன்று பிரிவுகள் இருந்தாலும் ஊராரின் கண்ணிலும் காதிலும் அதிகம் படுவது பாண்டுதான்.

இந்த ஏற்பாடு வேரூன்றியதில் கலை ஆர்வத்துக்குப் பாதிப் பங்கு, வியாபாரத்துக்குப் பாதிப் பங்கு. முதல் உலகப் போரில் ராணுவ பாண்டுகளில் வாசித்தவர்கள் ஊர் திரும்பியதும், பலர் பள்ளிகளில் இசை ஆசிரியரானார்கள். அதே காலத்தில் கிராமபோனும் வானொலியும் பரவ, ஊருக்கு ஊர் இருந்த பெரியவர்களின் பாண்டுகள் தேய்ந்தன. வாங்க ஆள் குறைந்த வாத்திய உற்பத்தியாளர்கள் பள்ளிகளின் பக்கம் திரும்பினார்கள். 1923இல் சிகாகோவில் நடந்த தேசிய அளவிலான பள்ளி பாண்டுப் போட்டி அவர்கள் ஆதரவில் நடந்ததுதான். ஒஹையோ மாநிலத்தின் ஃபாஸ்டோரியா என்ற சிறு நகரப் பள்ளி அதில் வென்றது. 1926இல் ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் பல மாநில மாணவர்களைத் திரட்டி, டெட்ராய்ட்டில் தேசிய உயர்நிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவை மேடையேற்றினார். அதன் தொடர்ச்சியாக 1928இல் மிச்சிகனின் இன்டர்லாகனில் தொடங்கிய கோடை முகாம் இன்றும் நடக்கிறது.

இலையுதிர் காலம் அணிவகுப்பு பாண்டின் பருவம். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் பாண்டு மைதானத்தில் இறங்கும். பள்ளி திறக்கும் முன்பே, கோடை வெயிலில் முகாம் போட்டு இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். முதலில் பழகுவது நடை. மைதானத்தில் 5 கஜத்துக்கு ஒரு கோடு உண்டு. ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குச் சரியாக 8 காலடி, அதாவது காலடி ஒன்றுக்கு 22.5 அங்குலம். ஒவ்வொருவரும் எந்தத் தாளத்தில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே குறித்துத் தரப்படுகிறது. மூச்சும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். நடைக்கேற்ப வாத்தியங்களும் மாறுகின்றன. பின்னோக்கி ஒலிக்கும் ஃப்ரெஞ்ச் ஹாரனுக்குப் பதிலாக முன்னோக்கி ஒலிக்கும் மெல்லோஃபோன் வருகிறது. டியூபாவின் இடத்தில், தோளில் மாட்டிக்கொள்ளும் சூசாஃபோன். ஓபோவின் நாணற்சீவாளி நடையில் எளிதில் சேதமாகும் என்பதால், அதை வாசிக்கும் மாணவர் அந்தப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜாலராவையோ வேறொரு வாத்தியத்தையோ எடுத்துக்கொள்கிறார்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் அதே மாணவர்கள் நாற்காலியில் அமர்ந்து கச்சேரி பாண்டாகிறார்கள். கூட்டத்தின் ஆரவாரம் இல்லாத இந்த மாதங்களில்தான் சுருதி சேர்ப்பதும், பக்கத்தில் இருப்பவரின் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியை அடக்குவதும் கைவருகின்றன. உண்மையான இசைக் கல்வி இதுவே.

இத்தனையையும் தாங்குவது பெற்றோர் சங்கம். ஆட்டத்தன்று தின்பண்டக் கடை நடத்தியும், கார் கழுவியும், வீடு வீடாகப் பழம் விற்றும் அது பணம் சேர்க்கிறது. சீருடை தைப்பது, வாத்திய வண்டி ஓட்டுவது, அணிவகுத்து வரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அந்தப் பெற்றோர்தான். ஊரும் பள்ளியும் ஒட்டி வாழ இதைவிட நல்ல வழி அரிது. ஆனால் பெற்றோரின் கைப்பணத்தை நம்பும் ஏற்பாட்டில் வசதியுள்ள ஊரின் பாண்டு வளர்கிறது, ஏழை ஊரின் பாண்டு பழைய வாத்தியங்களோடு போராடுகிறது. இது சிறிய அநீதி அல்ல.

2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டம், நிறைவான கல்விக்குரிய பாடங்களில் இசையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் பணத்தின் பெரும்பகுதியை ஒதுக்குவது மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களும்தான். 1978இல் கலிஃபோர்னியாவில் சொத்துவரிக்கு உச்சவரம்பு வந்து பள்ளி வருவாய் சுருங்கியபோது, வெட்டு விழுந்த இடங்களில் இசை வகுப்பும் ஒன்று. இந்த வெட்டின் பாதிப்பு உடனே தெரிவதில்லை. மாணவர்கள் பொதுவாக ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாக வாத்தியத்தைக் கையில் எடுக்கிறார்கள். அந்த வகுப்பின் ஆசிரியரை நீக்கினால், சில ஆண்டுகள் கழித்து உயர்நிலைப் பள்ளி பாண்டில் நாற்காலிகள் காலியாகும். தன் பாண்டு நிலைக்க வேண்டும் என்று நினைக்கும் ஊர் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தச் சிறுவர் வகுப்பு ஆசிரியரின் பணியிடத்தை.