சிவப்பைத் தின்ற வெளிச்சம்!

ஓர் ஓவியத்தில் இருந்த சிவப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோனது. 100 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, விஞ்ஞானிகள் துப்பறிந்து அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கை கொடுத்தது, தமிழ்நாட்டில் பிறந்த ஒரு மேதையின் கண்டுபிடிப்பு!

நீல உடைச் சீமாட்டி

ரெனுவார், பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற ஓவியர். 1883-ம் ஆண்டில் அவர் ஒரு படம் தீட்டினார். நீல உடை அணிந்த சீமாட்டி ஒருத்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவள் பங்குத் தரகர் கிளாப்பிசோன் என்பவரின் மனைவி.

அந்தப் படம் இப்போது அமெரிக்காவில், சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. சீமாட்டிக்குப் பின்னால் சாம்பல் கலந்த மங்கிய நீலம்தான் தெரிகிறது.

ரெனுவார் அப்படியா தீட்டினார்?

சட்டத்துக்குள் ரகசியம்

ஆராய்ச்சிக்காகப் படத்தின் சட்டத்தைக் கழற்றினார்கள். சட்டம் மூடியிருந்த ஓரத்தில் பளிச்சென்று சிவப்பு! வெளிச்சம் படாததால் அங்கே மட்டும் பழைய நிறம் தப்பியிருந்தது.

வீட்டுச் சுவரில் நெடுநாள் தொங்கிய படத்தை எடுத்துப் பாருங்கள். அது மறைத்திருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரியும் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

அது என்ன சாயம்? விலைமதிப்பற்ற ஓவியத்தைச் சுரண்டிப் பார்க்க முடியாது. தூசி அளவு துணுக்குதான் எடுக்கலாம்.

ராமன் காட்டிய வழி

திருச்சியில் பிறந்தவர் சர் சி.வி.ராமன். அவரும் அவருடைய மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனும் 1928-ல் கல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டார்கள். ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். மனிதனுக்குக் கைரேகை போல, பொருளுக்கு அது அடையாளம். இதற்காக ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த ஒளி மிக மிக மங்கலானது. வெள்ளியின் நுண்ணிய துகள்கள் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். இந்த முறையில் வல்லவராக இருந்தவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரிச்சர்டு வான் டைன். அவரும் கலைக்கூட விஞ்ஞானிகளும் சேர்ந்து சோதித்தார்கள்.

கைரேகை சிக்கியது!

பூச்சி தந்த சாயம்

அது கார்மைன் என்னும் சாயம். சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு வகைப் பூச்சியை உலர்த்தி எடுப்பது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஆனால் வெளிச்சத்தைத் தாங்காது, நாளடைவில் வெளுத்துவிடும்.

சிவப்பு போயிற்று. நீலம் நின்றது.

படத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமே படத்தின் நிறத்தைத் தின்கிறது! கலைக்கூடங்களில் விளக்கு மங்கலாக எரிவது இதனால்தான்.

மறுபடி பூசலாமா?

கூடாது. பூசினால் அது ரெனுவாரின் படமாக இராது, பூசியவரின் படமாகிவிடும்.

ஆகவே, பழைய நிறத்தைக் கம்ப்யூட்டர் மூலம் இன்னொரு படத்தில் கொண்டுவந்தார்கள். 2014-ல் சிகாகோவில் அதைக் கண்காட்சியில் வைத்தார்கள். அதில் சீமாட்டிக்குப் பின்னால் சிவப்பும் ஊதாவும் ஜொலித்தன. அசல் படத்தில் ஒரு சொட்டு வண்ணம்கூடச் சேர்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டியின் வண்ணப் புகைப்படம் இருக்கலாம். வெயில் படும் சுவரில் அதை மாட்டாதீர்கள். போன நிறம் திரும்பி வராது!