பூட்டின ரூம்களும் ஒரு பாட்டியும்!

சீனான்னா உங்களுக்கு ஞாபகம் வர்றது வானளாவிய கட்டடமும் மலிவு செல்போனும்தானே? சியாமென் நகரத்துக்கு இன்டர்ன்ஷிப் போன எனக்கும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்குற பசங்க என்னை பஸ்ல ஏத்தி, ஃபுஜியான் மலைக்குள்ளே இருக்குற யோங்டிங்குக்கு கூட்டிட்டுப் போனாங்க.

அங்கே ஹக்கா மக்கள் கட்டின 'துலோ' வீடுகளைப் பார்த்தா அசந்துடுவீங்க! வட்டக் கோட்டை மாதிரி மண் வீடு. 1709-ல் கட்டி முடிச்ச செங்சி லோவில் நாலு வட்டம், சுமார் 400 ரூம்! மண்ணு, சுண்ணாம்போடு அரிசிக் கஞ்சியும் சர்க்கரையும் கலந்து இடிச்ச சுவர். நம்ம ஊர்ல காரையில கடுக்காயும் வெல்லமும் சேர்த்தாங்களே... கிட்டத்தட்ட அதே டெக்னிக். 2008-ல் 46 துலோக்கள் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தன.

சிவில் படிக்கிற நான் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டிருந்தேன். நண்பன் மட்டும் உம்முனு இருந்தான். காரணம், அடுத்த கிராமத்துக்குப் போனதும்தான் புரிஞ்சுது. அவன் பாட்டி இருக்குறதும் ஒரு சின்ன துலோதான். முக்கால்வாசி ரூம் பூட்டிக் கிடக்கு. இளசுங்க எல்லாம் ஃபேக்டரி வேலைக்கு டவுனுக்குப் போயாச்சு. பாட்டி பேசுற ஹக்கா, டவுன்ல வளர்ந்த பேரனுக்கே அரைகுறைதான். ஆனா, கிண்ணத்தை நீட்டி அவங்க கேட்டது மட்டும் எனக்கே புரிஞ்சுது... 'சாப்டியா?'

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். என் பாட்டியோட முதல் கேள்வியும் அதேதான். நீங்க கடைசியா உங்க பாட்டிக்கு எப்போ போன் பண்ணீங்க?