பெயர் மறைந்த போட்டியும் ஒரு மாணவியும்

பெருங்கட்டடங்களை வகுப்பது முதிர்ந்தோர்க்கும் புகழ்பெற்றோர்க்குமே உரியது என்பது பலரது எண்ணம். கட்டடக்கலை பயிலும் மாணவர் ஒருவர் அத்தகையோருடன் போட்டியிட்டு வெல்லுதல் கூடுமோ? கூடும் என்பதற்கு 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த போட்டியொன்று சான்றாக நிற்கிறது.

வியட்நாம் போரில் உயிர்நீத்த அமெரிக்கப் போர்வீரர்க்கு வொஷிங்டன் நகரில் நினைவுச்சின்னம் எழுப்பும் பொருட்டு நடந்தது அப்போட்டி. இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயர்களும் பொறிக்கப்படல் வேண்டும். அப்போர் சரியா, பிழையா என்ற கருத்து அதில் இடம்பெறலாகாது. அமைப்புச் சூழலோடு இயைதல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். 1,421 வரைபடங்கள் வந்து குவிந்தன. அவற்றில் வரைந்தோர் பெயர் இல்லை. இலக்கம் மாத்திரமே இருந்தது. நடுவர் எண்மரும் தேர்ந்தெடுத்தது 1026 ஆம் இலக்கத்தை. அதற்குரியவர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற, இருபத்தொரு வயதே நிரம்பிய மாயா லின். சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள்.

அவர் கண்ட வடிவம் எளியது. வரைவதற்கு முன்னர் அவர் அந்நிலத்தை நேரிற் சென்று பார்த்தார். வானளாவ எதையும் எழுப்பாது, நிலத்தைக் கீறித் தாழ்த்தி, கறுப்புக் கருங்கற் சுவர்கள் இரண்டை ஒரு கோணத்திற் சேர்த்தார். பளபளக்கும் அக்கல்லில், பெயரை வாசிப்பவர் தம் முகத்தையும் காண்பர். பெயர்களை அகரவரிசையில் அமைக்க அவர் இசையவில்லை. ஸ்மித் என்ற பெயருடையோரே நூற்றுக்கணக்கில் இருந்தனர். அவ்வரிசையில் ஒரு தாயின் மகன் வெறும் பட்டியலுள் மறைந்துவிடுவான். ஆதலின் வீழ்ந்த நாள் வரிசையிலேயே பெயர்கள் பொறிக்கப்பட்டன. முதற் பெயரும் இறுதிப் பெயரும் சுவர்கள் கூடும் இடத்திற் சந்திக்கின்றன. அணிசெய்தல் அன்று, தேவையை உணர்தலே வடிவமைப்பு என்பது இதனால் விளங்கும். வரைபடம் மட்டும் போதாதென்று கருதி, தம் எண்ணத்தை அவர் எழுத்திலும் விளக்கி அனுப்பியிருந்தார்.

வெற்றியோடு இடர் நீங்கிவிடவில்லை. கறுப்பு நிறம் இழிவைக் குறிக்கும் என்றும், மண்ணுள் தாழ்ந்த சின்னம் வீரர்க்குப் பெருமையாகாதென்றும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாணவி பின்வாங்கவில்லை. 1982 நவம்பரில் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. எதிர்த்தோரை அமைதிப்படுத்த, மூன்று வீரர்களின் சிலை 1984 இல் சற்று அப்பால் நிறுவப்பட்டது. சுவர் மாற்றமின்றி நின்றது. இன்று அங்கு வருவோர் பெயரொன்றைத் தேடிக் கண்டு, விரலால் தடவி நிற்கின்றனர். அவ்வாறு நிற்பதன் பொருளை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைகளிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற்குக் கட்டடக்கலை பயிலச் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு உரியது. பெயர் மறைந்த போட்டி, ஊரையும் குலத்தையும் செல்வத்தையும் வினவுவதில்லை. தாளில் உள்ளதை மாத்திரமே நோக்கும். தம் பெயர் வெளிப்பட்டிருப்பின் வென்றிருக்க இயலாதென்று மாயா லின்னே பிற்காலத்திற் கருதினார். ஆயினும் தாளில் உள்ளது பிறர் கட்டடத்தின் சாயலாயின் அம்மறைவாற் பயனில்லை. குளக்கட்டும் வெயிலும் செம்மண்ணும், 2009 இல் முடிந்த போரின்பின் மீளக் குடியேறிய மக்களின் வாழ்வும் அறிந்த பிள்ளை, முதலில் அவற்றை உற்று நோக்கட்டும். வரைகோல் பின்னர் வரட்டும்.