மூன்று வென்றால்தான் முடி!

குளிர்நாட்டு மக்கள் பனிக்காலம் முழுவதும் கணப்பருகே முடங்கிக் கிடப்பார்கள் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயின், ஹாலந்து மக்களைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் பொருந்தாது. அந்நாடெங்கும் வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கின்றன. கடுங்குளிரில் அவை உறைந்து கண்ணாடித் தளம்போல் ஆனவுடன், காலின் கீழே மெல்லிய இரும்புத் தகட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் சறுக்கிச் செல்வது அவர்களது பழைய வழக்கம். பிரயாணமாக இருந்தது நாளடைவில் பந்தயமாயிற்று; பந்தயத்துக்கு விதிகள் பிறந்தன. அவ்விதிகளுள் ஒன்று விளையாட்டுலகில் மிகக் கடுமையானது. அதன் வரலாற்றையே இங்கு நாம் கூற விரும்புகிறோம்.

விதி பிறந்த கதை

1889ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் பல நாட்டு வீரர்களையும் அழைத்து, உலகின் தலைசிறந்த சறுக்கு வீரர் யார் எனக் காணப் போட்டி நடத்தினர். அரை மைல், ஒரு மைல், இரண்டு மைல் என மூன்று ஓட்டங்கள். மூன்றிலும் முதல்வராக வந்தவருக்கே பட்டம் என்பது நிபந்தனை. ரஷ்ய வீரர் அலெக்ஸாண்டர் பான்ஷின் இரண்டில் வென்றார். மூன்றாவது கை நழுவியது. பட்டம் அவருக்கு அளிக்கப்படவில்லை! மறு ஆண்டும் எவருக்கும் கிட்டவில்லை. 1891இல் அமெரிக்காவின் ஜோசப் டோனஹ்யூ எல்லா ஓட்டங்களிலும் வென்ற பிறகே, அப்பட்டத்துக்கு உரியவர் ஒருவர் தோன்றினார்.

ஆனால் இவை ஓர் ஊரார் நடத்திய போட்டிகளேயன்றி, நாடுகள் கூடி ஒப்புக்கொண்டவை அல்ல. 1892 ஜூலையில் ஹாலந்தின் கடற்கரை ஊராகிய ஷெவனிங்கனில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிச் சர்வதேசச் சறுக்குச் சங்கத்தை நிறுவினர். ஹாலந்தில் நவீன விளையாட்டுகளை வளர்த்தவராகிய பிம் முலியர் அதன் முதல் தலைவரானார். மைல் கணக்கு போய் மீட்டர் கணக்கு வந்தது. 500, 1,500, 5,000, 10,000 மீட்டர் என நான்கு தூரங்கள் வகுக்கப்பட்டன. இவற்றுள் குறைந்தது மூன்றில் முதலிடம் பெறுபவரே உலக சாம்பியன். இரண்டாம், மூன்றாம் இடங்களுக்குப் பரிசு இல்லை. மூன்று ஓட்டங்களில் வென்றவர் எவரும் இல்லையெனில், அவ்வாண்டில் சாம்பியனும் இல்லை.

நான்கு தூரங்களும் நான்கு வகை ஆற்றலைக் கோருவன. 500 மீட்டர் பாய்ச்சலுக்குரியது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 10,000 மீட்டரோ அக்காலத்தில் இருபது நிமிஷம் வரை மூச்சையும் மன உறுதியையும் சோதிப்பது. பாய்ச்சலுக்குப் பழகிய உடல் நெடுந்தூரத்தில் தளரும். நெடுந்தூரத்துக்குப் பழகியது பாய்ச்சலில் பின்தங்கும். இரண்டையும் ஒருவரிடமே எதிர்பார்த்தது அவ்விதி.

பத்தொன்பது வயது வீரர்

1893 ஜனவரி 13, 14 தேதிகளில், ஆம்ஸ்டர்டாமின் பெரிய கலைக்கூடத்துக்குப் பின்புறமுள்ள திடலில், சங்கத்தின் முதலாவது உலகப் போட்டி நடந்தது. திறந்த வெளி; இயற்கையாக உறைந்த பனித்தளம். ஹாலந்தின் யாப் ஏடன் என்ற பத்தொன்பது வயது இளைஞர் 500 மீட்டரை 51.2 விநாடியிலும், 1,500 மீட்டரை 2 நிமிஷம் 48.2 விநாடியிலும், 5,000 மீட்டரை 9 நிமிஷம் 59 விநாடியிலும் கடந்து மூன்றிலும் முதல்வரானார். 10,000 மீட்டரில் நார்வே வீரர் ஆஸ்கார் பிரெட்ரிக்சன் வென்றார். விதிப்படி மூன்று போதும்; முடி ஏடனுக்கே உரியதாயிற்று.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் எவரும் மூன்று வெல்லாமையால் பட்டம் யாருக்குமின்றி நின்றது. அதே 1894இல் நார்வேயின் ஹாமர் நகரில் ஏடன் 5,000 மீட்டரை 8 நிமிஷம் 37.6 விநாடியில் ஓடி உலகை வியக்க வைத்தார். அதை முறியடிக்க 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1895, 1896ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். இவற்றுக்கிடையே சைக்கிள் பந்தயத்திலும் புகுந்து, 1894இலும் 1895இலும் அதிலும் உலக சாம்பியன் ஆனார். பனிக்காலத்தில் சறுக்குத் திடலிலும் கோடையில் சைக்கிள் பாதையிலுமாக இரு முடி சூடிய அவ்வீரர், 1925இல் தம் ஐம்பத்தோராம் வயதில் காலமானார். 1961இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட செயற்கைப் பனித் திடலுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

கடுமையில் ஒரு நியாயம்

1893 முதல் 1907 வரை பதினைந்து ஆண்டுகளில் 1894, 1902, 1903, 1906, 1907 ஆகிய ஐந்து ஆண்டுகள் சாம்பியன் இன்றியே கழிந்தன. வீரர்கள் கடல் கடந்து வந்து, கடுங்குளிரில் ஓடி, யாருக்கும் பட்டமின்றித் திரும்புவதா என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே.

எனினும் மேலே கண்ட கணக்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஏறத்தாழப் பத்து நிமிஷம் எடுத்த தூரத்தை, ஓராண்டு கழித்து ஹாமரில் அதே மனிதர் 81 விநாடி குறைவாகக் கடந்தார். ஓராண்டுப் பயிற்சி மட்டும் இதற்குக் காரணமாக இருத்தல் அரிது. இயற்கைப் பனித்தளத்தில் காற்றும், வெயிலும், பனியின் இறுக்கமும் கடிகாரத்தை ஏமாற்றவல்லவை. வீரர்கள் இருவர் இருவராக ஓடுவதால், முற்பகலில் ஓடியவருக்கும் பிற்பகலில் ஓடியவருக்கும் தளம் ஒன்றாக இராது. ஓர் ஓட்டத்தில் அதிர்ஷ்டம் துணை புரியலாம்; மூன்றிலும் அது துணை வருதல் அரிது. இதுவே அவ்விதியின் உட்பொருள் என்று நாம் கருதுகிறோம்.

1908 முதல் விதி தளர்ந்தது. மூன்று வென்றவர் இல்லாதபோது, ஒவ்வோர் ஓட்டத்திலும் பெற்ற இடங்களைக் கூட்டிச் சாம்பியனைத் தேர்ந்தனர். 1928 முதல் நேரத்தையே புள்ளிகளாக்கும் முறை வந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் ஆன நேரத்தை 500 மீட்டருக்கு இத்தனை விநாடி என வகுத்துக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்றவர் வென்றவர். ஏடனின் 1893ஆம் ஆண்டு ஓட்டங்களை இவ்வாறு கணக்கிட்டால், 500 மீட்டருக்கு 51.2, 1,500 மீட்டருக்கு 56.067, 5,000 மீட்டருக்கு 59.9 புள்ளிகள் வரும். தூரம் நீள நீள மனித உடல் எவ்வளவு தளர்கிறது என்பதையும் இக்கணக்கு காட்டிவிடுகிறது.

ஆயினும், மூன்று வென்றவருக்கே முடி என்னும் பழைய விதியும் இப்புள்ளி முறையோடு கூடவே வாழ்ந்தது. 1983இல் ஆஸ்லோ நகரில் ஸ்வீடனின் தோமஸ் குஸ்தாப்சன் புள்ளிகளில் முந்தியிருந்தார். மூன்று ஓட்டங்களை வென்றவரோ நார்வேயின் ரோல்ப் பால்க்-லார்சன். பட்டம் நார்வேக்கே சென்றது. அதன் பின்னர் அவ்விதி கைவிடப்பட்டது.

தகுதி முழுமையாக இல்லாதவருக்குப் பட்டம் தராமல் காத்த விதியே, இறுதியில் கூட்டுக் கணக்கில் சிறந்தவருக்கும் பட்டத்தை மறுத்தது. எந்த அளவுகோலும் எக்காலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது சான்று. ஆனால் அளவுகோலை மாற்றுவது வேறு. அளக்காமலேயே மாலை சூட்டுவது வேறு. நம் இல்லங்களில் வளரும் சிறுவர் சிறுமியர் பரிசுக் கோப்பைகளை விரும்பும் இந்நாளில், உரியவர் இல்லாதபோது முடியை எடுத்து உள்ளே வைத்த அந்த ஐந்து ஆண்டுகளின் கதையையும் அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.