டோக்கன் கொடுத்தாச்சு... சாப்பாடு எங்கே சார்?

ஓட்டல் சாப்பாட்டில் இரண்டு ரகம் உண்டு. சாப்பிட்ட பிறகு காசு கொடுப்பது ஒன்று. காசு கொடுத்த பிறகு சாப்பிடுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள், மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு செல்ஃப் சர்வீஸ் ஓட்டலுக்குள் போய்ப் பாருங்கள். புரியும்!

முதல் ரகத்தில் சர்வர் வருவார். "சூடா என்ன இருக்கு?" என்றால் இட்லியில் ஆரம்பித்து ரவா தோசை வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். சாம்பார் இரண்டாம் தடவை வரும். சட்னி கேட்காமலே வரும். எல்லாம் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். காசு இன்னும் நம் பையில் இருக்கிறது. டிப்ஸும் அதே பையில்தான்!

இரண்டாவது ரகத்தில் கல்லாவில் காசு விழுந்த மறு விநாடியே நம் மவுசு போச்சு.

முறையே மோசம் என்று சொல்ல மாட்டேன். 1983-ல் பெங்களூர் ஜெயநகரில் 'கஃபே தர்ஷினி' திறந்தார்கள். அந்தப் பெயரே பிறகு இந்த ரக ஓட்டல்களுக்கெல்லாம் பெயராகிவிட்டது. நின்றபடி சாப்பிடு, சர்வர் கிடையாது, அதனால் விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அரை மணி நேர லஞ்ச் பிரேக்கில் சாப்பிட்டு வர வேண்டிய நமக்கு இது வரப்பிரசாதம்.

இந்த ஒப்பந்தத்தில் நம் பங்கை நாம் ஒழுங்காகவே செய்கிறோம். நாமே க்யூவில் நிற்கிறோம், நாமே தட்டைத் தூக்குகிறோம், நாமே தண்ணீர் பிடிக்கிறோம், எச்சில் தட்டையும் நாமே தொட்டியில் போடுகிறோம். பாத்திரம் தேய்ப்பதுதான் பாக்கி! அவர்கள் பங்கு என்ன? யார் முதலில் வந்தது என்று பார்த்துக் கொடுப்பது. அது மட்டும்தான் நடப்பதில்லை.

சென்னையில் எங்கள் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஓட்டல். பெயர் வேண்டாம். ஒரு நாள் தயிர் சாதத்துக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன்.

"தயிர் சாதம் முடிஞ்சு போச்சு சார்."

"இப்பத்தானேப்பா பில் போட்டாங்க?"

"அதை பில் போட்டவர்கிட்ட கேளுங்க."

பில் போட்டவரிடம் கேட்டேன். "இருக்குமே சார்... அங்கேயே கேளுங்க!"

மறுபடி அங்கே. மறுபடி இங்கே. அவர்கள் இருவரும் வாலிபால் ஆட, நான்தான் பந்து. கடைசியில் தீர்ப்பு வந்தது: "பில் போட்டாச்சு சார், காசு திருப்பித் தர முடியாது. லெமன் சாதம் வாங்கிக்குங்க."

எனக்காவது வாய் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் சாம்பார் சாத டோக்கனோடு நின்றிருந்தார். அவருக்கு முண்டத் தெரியவில்லை, குரல் கொடுக்கவும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டித் தட்டை வாங்கிப் போனார்கள்.

"தம்பி, பெரியவர் ரொம்ப நேரமா நிக்கிறாருப்பா" என்றேன்.

"எல்லாருக்கும் அவசரம்தான் சார்!"

"பரவால்ல தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார் அவர். காசையும் கொடுத்து, பட்டினியாகவும் போன மனிதர்!

கவுன்ட்டர் பையன் மேல் பயங்கரக் கோபம் வந்தது. ஐந்து நிமிஷம் நின்று கவனித்தேன். கோபம் இறங்கிவிட்டது. டோக்கன் கிழிப்பது, உள்ளே குரல் கொடுப்பது, தட்டு வைப்பது, சட்னி ஊற்றுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அவன் ஒருவன்தான். டெலிவரிக்கு வந்தவர்கள் வேறு செல்போனைக் காட்டி அவசரப்படுத்துகிறார்கள். எதிரே இருபது கை. மூக்குக்குப் பக்கத்தில் எந்தக் கை வருகிறதோ அதில் தட்டை வைக்கிறான். டோக்கனில் நம்பர் என்னவோ அழகாக அச்சாகியிருக்கிறது. அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை!

க்யூவுக்கும் ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்பவர் 1909-லேயே அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். மூச்சு விட நேரமில்லாத கவுன்ட்டரில் கூட்டம் கொஞ்சம் கூடினாலும் காத்திருக்கும் நேரம் மளமளவென்று ஏறிவிடும் என்கிறது அந்தக் கணக்கு. அதே இடத்தில் இன்னொரு ஆளைப் போட்டால் மளமளவென்று இறங்கும். ஆக, ஒரு சம்பளத்தை முதலாளி மிச்சம் பிடிக்கிறார். அதற்கு வட்டி கட்டுவது நம் லஞ்ச் பிரேக்.

சட்டம் நம் பக்கம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. காசை முன்னால் வாங்கினாலும் பின்னால் வாங்கினாலும் சேவைக் குறைபாடு குறைபாடுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தயிர் சாதத்துக்காகக் கேஸ் போடச் சொல்லவில்லை. சாப்பாடு கைக்கு வரும்வரை பில்லைக் கசக்கிப் போடாதீர்கள். பையனிடம் சத்தம் போடாதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் போய், "நம்பர் கூப்பிட ஒரு ஆள் போடுங்க சார்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். தினம் நாலு பேர் சொன்னால் கல்லாவுக்கும் காது கேட்கும். முக்கியமாக, அடுத்தவர் தோளுக்கு மேலே நம் கை நீளாமல் இருக்கட்டும்.

சமையலைத் தவிர எல்லா வேலையும் நாம்தான் பார்க்கிறோம். க்யூவையும் நாமே ஒழுங்குபடுத்திவிடலாம். அதற்கும் ஒரு டோக்கன் போட்டுக் காசு கேட்காமல் இருந்தால் சரி!