பட்டா உங்களுக்கு, பயன்பாட்டு உரிமை குழாய்க்கு

21 நாள். எண்ணெய்க் குழாய் பதிக்க அரசிதழில் அறிவிப்பு வந்தால், ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இவ்வளவுதான் அவகாசம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து வாசகர் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: “நிலத்தை எடுக்கவில்லை என்கிறார்களே, அப்புறம் ஏன் கொங்குப் பக்கம் இத்தனை போராட்டம்?”

நிலத்தை எடுக்கவில்லை என்பது உண்மை. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரில் இருக்கும், வரியும் நீங்களே கட்டலாம். முன்பு செய்த வெள்ளாமையைத் தொடரலாம். ஆனால் அந்தத் துண்டில் கட்டடம் கூடாது, கிணறோ குட்டையோ வெட்டக் கூடாது, ஒரு தென்னங்கன்றுகூட நடக் கூடாது.

இதற்கு விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் அகலத்தில் 100 மீட்டர் தூரம் குழாய் போனால் ஏறக்குறைய 49 சென்ட். சென்ட் 10,000 ரூபாய் என்றால் மதிப்பு 4.9 லட்சம், கைக்கு வருவது 49,000. அதுவும் அந்தத் துண்டுக்கு மட்டும். குறுக்கே வெட்டுப்பட்ட மரவள்ளிக் கொல்லையின் இரு பக்கமும் விலை இறங்குவதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. நிலத்தை முழுதாக எடுத்தால் முழு விலை தர வேண்டும். எடுக்காமல் எடுப்பது மலிவு.

கொங்கு விவசாயிகள் எதிர்த்தது இதைத்தான். கொச்சியிலிருந்து வரும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் 7 மாவட்டங்களில் விளைநிலங்களைக் கடக்க இருந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-இல் ஜெயலலிதா அரசு தடுத்தது. உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தது; 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தமிழக அரசு தோற்றது. இருகூர் – தேவனகொந்தி பெட்ரோலியக் குழாய் வந்தபோதும் விவசாயிகள் கேட்டது அதே சாலையோரத்தைத்தான்.

மற்ற கேள்விகள்:

ஆட்சேபத்தை விசாரிப்பது யார்? திட்டத்துக்காக மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி. அவர் உத்தரவே இறுதி.

வீட்டுக்கு அடியில் போகுமா? குடியிருப்பு நிலத்திலும் நிரந்தரக் கட்டடத்தின் கீழும் பதிக்கக் கூடாது.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காக்காதா? 2020-இல் வந்த அந்தச் சட்டத்தில் கள்ளக்குறிச்சி இல்லை. டெல்டாவிலும் அது குழாய்களுக்கு விலக்கு தந்திருக்கிறது.

கல்வராயன் மலையில் கிராமசபை தடுக்கலாமா? காட்டு நிலம் வழியே போகும் சாலை, குழாய் போன்றவற்றுக்குக் கிராமசபை ஒப்புதல் வேண்டாம் என்று 2013-இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது; தொல்பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்பட்டால் இந்த விலக்கு பொருந்தாது, ஆனால் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

முதல் அறிவிப்புக்கு ஆயுள்? ஓராண்டுக்குள் உரிமை எடுப்புப் பிரகடனம் வராவிட்டால் காலாவதி.

வாய்மொழி எதிர்ப்பு கோப்பில் ஏறாது. சர்வே எண், கிணறு, போர், மரங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.